புள்ளியில் தொடங்கும் கோப்புகள்

விருத்தாசலம்
4.2.2024

அன்புள்ள தம்பி தமிழ்மணிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான், மாமா, கயல்விழி மூவரும் சுகம். பொங்கலுக்கு வந்தபோது உனக்கு இருந்த இருமல் நின்றதா? புனேயில் காலையில் பனி கொட்டுமாமே, காதுக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே.

நாள் முழுக்கத் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் கடிதங்களுக்கு முத்திரை குத்துகிறேன். என் தம்பிக்கு ஒரு கடிதம் எழுதவில்லை என்றால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. வாட்ஸ்ஆப்பில் நீ அனுப்புவதெல்லாம் கட்டைவிரல் படம். அதை எடுத்து வைத்துத் திரும்பப் படிக்கவா முடியும்?

மாமா உன்னைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. பீங்கான் எஸ்டேட்டில் அவர் கம்பெனிச் சூளைக்கு நீ கம்ப்யூட்டர் வைத்துக் கொடுத்தாயே, அதிலிருந்து சூடு ஏறுவதும் இறங்குவதும் தானாக நடக்கிறது. கரண்ட் கம்பத்தில் மாட்டும் இன்சுலேட்டர்தான் இப்போது நிறையப் போகிறது. வேகும்போது அவர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியதில்லை. திரையைப் பார்த்தால் போதும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பொங்கல் மூன்று நாளும் லேப்டாப்பை விட்டு நீ எழுந்திருக்கவே இல்லை. கேட்டதற்கு, "வூட்ட ஒழுங்குபண்றேன்க்கா" என்றாய். நீ போன பிறகு மாமா கேட்கிறார், "உன் தம்பி எந்த வூட்டச் சொன்னான்? இங்க ஒரு டம்ளரக்கூட நவுத்தி வைக்கலயே." அது என்ன வீடு என்று எழுது.

மாசி மகத்துக்கு வர முடியுமா?

அன்புடன்,
அக்கா சிவசங்கரி


புனே
15.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இருமல் விட்டுவிட்டது. மாமாவையும் கயலையும் கேட்டதாகச் சொல். மாசி மகத்துக்கு லீவு கிடைக்காது.

வீட்டைப் பற்றிக் கேட்டாய். நான் வேலை செய்கிற லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபோல்டர் உண்டு. அதற்குப் பெயரே ஹோம். நாம் ஏற்றுகிற ஒவ்வொரு புரோகிராமும் நம்மைக் கேட்காமல் அங்கே ஒரு ஃபைலைப் போட்டு வைக்கும். எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும், எந்த பட்டனுக்கு என்ன வேலை, எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்று நம்முடைய பழக்கமெல்லாம் அதில்தான் இருக்கும். ஃபைல் பெயர் ஒரு புள்ளியில் தொடங்கும். அப்படித் தொடங்கினால் சாதாரணமாகப் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. காலேஜ் சேர்ந்ததிலிருந்து பன்னிரண்டு வருஷமாக ஒரு லேப்டாப்பிலிருந்து அடுத்ததுக்கு அப்படியே அள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். எண்ணினால் நூற்று நாற்பத்தொன்று. பாதி எதற்கென்றே எனக்குத் தெரியாது.

பொங்கலுக்கு உட்கார்ந்து வேண்டாததை அழித்தேன். மிச்சத்தை ஒரே ஃபோல்டருக்குள் கொண்டுவந்து வகை பிரித்தேன், நீங்கள் தபாலை ஊர் ஊராகக் கட்டத்தில் போடுகிற மாதிரி. பழைய இடத்தில் ஒரு சுட்டியை மட்டும் விட்டிருக்கிறேன். புரோகிராம் அங்கே வந்து தேடினால் அது புது இடத்தைக் காட்டும். ஒவ்வொரு வரிக்கும் மேலே, இது எதற்காக என்று குறிப்பு எழுதினேன். பிறகு எல்லாவற்றையும் ஒரு பொதுத் தளத்தில் ஏற்றிவிட்டேன். இனி லேப்டாப் உடைந்தாலும் பத்து நிமிஷத்தில் என் வீடு திரும்பி வந்துவிடும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். இதுவரை முன்னூறு பேர் பிடித்திருக்கிறது என்று நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். பிரேசிலிலிருந்து ஒருவர், இவ்வளவு சுத்தமான வீட்டைப் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார். அதை ஆபீஸில் நான்கு பேரிடம் காட்டினேன். உன்னிடம் சொல்லத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

மாமாவின் கம்ப்யூட்டர் ஏதாவது தகராறு பண்ணினால் பயப்பட வேண்டாம் என்று சொல். இங்கிருந்தே உள்ளே போய்ப் பார்க்க நான் வழி வைத்திருக்கிறேன்.

உன் தம்பி,
தமிழ்மணி


விருத்தாசலம்
14.3.2024

அன்புள்ள தமிழ்மணிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை.

போன வாரம் வியாழக்கிழமை சூளையில் இன்சுலேட்டர் வெந்துகொண்டிருந்தது. கயல்விழி ஸ்கூலில் பெற்றோர் கூட்டம். என்னால் ஆபீஸை விட்டு நகர முடியாததால் மாமா இரண்டு மணிக்குப் போய்விட்டு நாலரைக்குத் திரும்பினார். திரையில் ஆயிரத்து இருநூற்று நாற்பது டிகிரி காட்டியது. இன்னும் ஏற வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். அரை மணி கழித்தும் அதே எண். அப்போதுதான் சந்தேகப்பட்டு எழுந்து போய்ப் பார்த்திருக்கிறார். கம்ப்யூட்டர் எப்போதோ உறைந்துபோய் நின்றிருக்கிறது. சூளை உச்சச் சூட்டுக்கு ஏறி, இறங்கச் சொல்ல ஆளில்லாமல் அங்கேயே மணிக்கணக்காக நின்றுவிட்டது. சனிக்கிழமை ஆறிய பிறகு திறந்தால், ஒன்றுகூட நேராக இல்லையாம். வளைந்து, உருகி, அடியில் இருந்த தட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றதாம். கம்பெனிக்கு அந்த ஆர்டரே போய்விட்டது.

முதலாளி சுப்புராயன் சென்னையிலிருந்து ஓர் ஆளை வரவழைத்தார். வந்தவர் பார்த்துவிட்டு, வெளியாள் எவனோ இணையம் வழியாக உள்ளே புகுந்து தன் வேலையை அந்தக் கம்ப்யூட்டரில் ஓட்டியிருக்கிறான், அதில் மூச்சு முட்டி நின்றிருக்கிறது என்றார். "பூட்ட ஒடைக்கல சார். அன்பரசன் பேர்ல இருக்குற சாவியப் போட்டுத்தான் தொறந்திருக்காங்க" என்றாராம். இரும்புச் சாவி இல்லையாம், பாஸ்வேர்டு மாதிரி கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் சாவியாம்.

செவ்வாய்க்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்துக்கே சுப்புராயன் வந்து, "சாவிய யாருக்குக் குடுத்தீங்க அன்பரசன்?" என்று கேட்டிருக்கிறார். "யாருக்கும் குடுக்கலீங்க." "அப்ப அது கால் மொளச்சிப் போச்சா?" அங்கேயே மாமாவைக் கணக்கை முடித்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். நாற்பது பேர் சோற்றில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பதினாறு வருஷம் வேலை பார்த்த இடம்.

உன் பெயரை அவர் சொல்லவில்லை. "மாப்ளய எதுக்கு இழுக்கணும், அவன் எவ்ளோ பெரிய எடத்துல இருக்கான்" என்கிறார். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அந்தச் சாவி வேறு எந்த வழியாக வெளியே போயிருக்கும்? உனக்குத் தெரியாத விஷயமில்லை. உடனே எழுது.

அக்கா


புனே
2.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதம் பார்த்து மிகவும் வருத்தப்பட்டேன். ஆபீஸில் வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

இந்த மாதிரி இப்போது எல்லா இடத்திலும் நடக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகளிலும் வங்கிகளிலும்கூட நடக்கிறது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கம்ப்யூட்டரை இணையத்திலிருந்து உடனே துண்டிக்கச் சொல்ல வேண்டும். பழைய சாவிகளை எல்லாம் நீக்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். மாமா வீட்டில் பயன்படுத்துகிற பாஸ்வேர்டுகளையும் மாற்றிக்கொள்ளட்டும். எப்படி என்று தனித்தாளில் வரிசையாக எழுதி இணைத்திருக்கிறேன்.

மாமா திறமைசாலி. அவருக்கு வேறு இடம் சீக்கிரமே கிடைக்கும்.

கயல்விழிக்குக் கணக்குப் பரீட்சை எப்படிப் போகிறது? அல்ஜீப்ராவில் சந்தேகம் இருந்தால் எனக்கு அனுப்பச் சொல்.

தமிழ்மணி


விருத்தாசலம்
22.4.2024
(பதிவுத் தபால்)

அன்புள்ள தமிழ்மணிக்கு,

அக்காவின் விசாரிப்பு. வெயில் இங்கே தலையைப் பிளக்கிறது. கயல்விழிக்குப் பரீட்சை முடிந்துவிட்டது.

உன் தனித்தாளை மாமா இரண்டு முறை படித்தார். மடித்து வைத்துவிட்டு, "இனிமே எந்தக் கம்ப்யூட்டருக்குப் போடப்போறேன்?" என்றார்.

எஸ்டேட்டில் மூன்று கம்பெனியில் கேட்டுப் பார்த்தார். எல்லோரும் நன்றாகப் பேசி டீ கொடுத்து அனுப்புகிறார்கள். வேலை மட்டும் கொடுப்பதில்லை. இப்போது நல்லூர் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை எடை போடும் வேலை. காலை ஏழு மணி பஸ்ஸுக்குப் போகிறார். பஸ் ஸ்டாண்டுக்கு எஸ்டேட் ரோட்டில் போனால் பத்து நிமிஷம். அந்த வழியே போகாமல் பின்தெருவெல்லாம் சுற்றி அரை மணி நேரம் நடக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் கம்பெனியில் பீங்கானை மெருகுக் குழம்பில் முக்கியெடுக்கிற சொர்ணாம்பாள் மணியார்டர் அனுப்ப கவுண்டருக்கு வந்தாள். எனக்காக வருத்தப்பட்டாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், நான் யார் என்று தெரியாமல், "அவுரு எதோ ஆளுங்க கிட்ட துட்டு வாங்கிகினுதான் சாவியக் குடுத்தாராமே" என்றார். நான் அவருடைய ஸ்பீடு போஸ்ட்டுக்கு ரசீது போட்டுக் கொடுத்தேன்.

கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மாமா கொடுக்காமல் அந்தச் சாவி வெளியே போக வழி உண்டா, இல்லையா? உண்டு என்று நீ ஒரு வரி எழுதினால்கூட அவருக்குப் போதும்.

அக்கா


விருத்தாசலம்
3.6.2024

தமிழ்மணிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஏப்ரல் இருபத்தாறாம் தேதி நீ கையெழுத்துப் போட்டு என் கடிதத்தை வாங்கியிருக்கிறாய். ஒப்புகை அட்டை திரும்பி வந்து என் மேஜையில் இருக்கிறது. கையெழுத்து உன்னுடையதுதான். நாற்பது நாளாகிறது. ஊரில் எத்தனையோ பேர், கடிதம் போய்ச் சேரவில்லை என்று என்னிடம் வந்து சண்டை போடுகிறார்கள். போய்ச் சேர்ந்தும் பதில் வராததற்கு நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

உனக்கு மாமா மேல் சந்தேகமோ என்றுகூட நினைத்துவிட்டேன். அப்படி இருந்தால் சொல்லிவிடு.

மனசு கேட்காமல் போன திங்கட்கிழமை மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டினேன். மாமாவுக்குத் தெரியாது. அங்கேயே உட்கார்ந்து என் கையால் எழுதினேன். "என் வீட்டுக்காரர் அன்பரசன் செய்யாத குற்றத்துக்கு அவமானப்பட்டு நிற்கிறார். அந்தச் சாவியை வெளியே விட்டது யாராக இருந்தாலும் சாமிதான் கேட்க வேண்டும்." எழுதி முடித்ததும் அங்கிருந்தவர் கேட்டார், "யார் மேலம்மா பிராது? பேரு, ஊரு, இங்கேருந்து எத்தினி கிலோமீட்டருன்னு எழுதணும்." தெரியாதுங்க என்றேன். "அப்ப எடம் விட்டு எழுது, சாமிக்குத் தெரியும்" என்றார். மூன்று இடம் விட்டு எழுதி வேலில் கட்டிவிட்டு வந்தேன்.

இனி உன்னைக் கேட்கமாட்டேன்.

சிவசங்கரி


புனே
14.6.2024

அக்காவுக்கு,

எல்லோரும் சுகமா என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

பிராதில் விட்ட இடத்தில் எழுதிக்கொள். பெயர் தமிழ்மணி. ஊர் புனே. கிலோமீட்டர் சுமார் ஆயிரத்து நூறு.

பொங்கலுக்கு வீட்டை ஒழுங்குபண்ணினேன் என்றேனே, அதில்தான் போனது. வெளியே ஏற்றக்கூடாத ஃபைல்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தேன். சாவிகளுக்கு வழக்கமாக வைக்கும் பெயர்கள் எல்லாம் அதில் இருந்தன. மாமாவின் கம்ப்யூட்டருக்கான சாவி ஃபைலுக்கு மட்டும் நான் வழக்கமான பெயர் வைக்கவில்லை. 'அன்பு மாமா' என்று வைத்திருந்தேன். அந்தப் பெயர் பட்டியலில் இல்லை. ஃபோல்டரை ஒட்டுமொத்தமாக நகர்த்தியபோது அதுவும் சேர்ந்து ஏறிவிட்டது. பக்கத்து ஃபைலில் கம்பெனிக் கம்ப்யூட்டரின் முகவரியும் இருந்தது. இப்படி யாராவது சாவியைத் தவறவிட்டிருக்கிறார்களா என்று இணையம் முழுக்கத் தேடிக்கொண்டே அலையும் புரோகிராம்கள் உண்டு. அவற்றில் ஒன்று எடுத்திருக்கிறது. முன்னூறு பேர் நட்சத்திரம் போட்டார்கள். ஒருவர்கூட அதைப் பார்த்துச் சொல்லவில்லை. நானும் பார்க்கவில்லை. சுத்தமாக இருக்கிறது என்ற பெருமையில் இருந்தேன்.

இதைவிட மோசமானதை இப்போது சொல்கிறேன். சூளையில் நடந்ததை நீ எழுதிய கடிதம் மார்ச் பதினெட்டாம் தேதி வந்தது. படித்து முடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். 'அன்பு மாமா' அங்கேயே இருந்தது. நான் முதலில் செய்தது உனக்குப் போன் பண்ணுவது இல்லை. அந்தப் பக்கத்தையே அழித்தேன். எப்போது, எதை ஏற்றினேன் என்ற வரலாற்றையும் அழித்தேன். என் மேல் யாரும் விரல் நீட்ட முடியாது என்று உறுதியான பிறகுதான் எழுந்து தண்ணீர் குடித்தேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் யோசித்து, ஏப்ரல் இரண்டாம் தேதிக் கடிதத்தை எழுதினேன்.

சர்வர்களின் பாதுகாப்புதான் இங்கே எனக்கு வேலை. இது வெளியே தெரிந்தால் என்னை என்ன நினைப்பார்கள் என்று பயந்தேன். மாமா என் பெயரைச் சொல்லவில்லை என்று நீ எழுதியிருந்த வரியைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது அக்கா. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது. பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டு, பதினோரு நாள் பிரிக்காமலே வைத்திருந்தேன்.

சுப்புராயனுக்கு எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதி இதோடு இணைத்திருக்கிறேன். மாமா படித்துவிட்டு அவரிடம் கொடுக்கட்டும்.

தமிழ்மணி


விருத்தாசலம்
6.7.2024

தமிழ்மணிக்கு,

உன் கடிதத்தைக் கவுண்டரிலேயே பிரித்துப் படித்தேன். பிறகு அதையும் சுப்புராயனுக்கு நீ எழுதியதையும் என் மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினேன். ஒன்பது நாள் பூட்டி வைத்திருந்தேன். அடுத்தவர் கடிதத்தை ஒரு நாள் நிறுத்தி வைத்தாலே எங்களுக்கு மெமோ கொடுப்பார்கள். என் புருஷன் மானத்தைத் திருப்பித் தரும் கடிதத்தை, தம்பி மானம் போய்விடுமே என்று நான் நிறுத்தி வைத்தேன். தினமும் அவர் நல்லூரிலிருந்து தவிடு படிந்த சட்டையோடு வந்து நிற்பார். நான் சோறு போடுவேன். அந்த ஒன்பது நாளுக்கு நான் யாரிடம் என்ன சொல்வேன்?

நீ தவறவிட்டதற்கு எனக்குக் கோபம் இல்லை. எல்லாம் தெரிந்துகொண்டு, கயல்விழிக்குக் கணக்குப் பரீட்சை எப்படி என்று கேட்டாயே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பத்தாம் நாள் அவர் கையில் இரண்டையும் கொடுத்தேன். மெதுவாகப் படித்தார். கத்துவார் என்று நினைத்தேன். "அவனே எழுதுனானா, இல்ல நீ கேட்டு எழுதுனானா?" என்றார். அவனாகத்தான் என்றேன். கடிதத்தை மடித்து, திரும்ப மடித்து, சின்னதாக்கி என்னிடம் கொடுத்தார். "மொதலாளிக்குக் கடுதாசி வேணாம். அவுரு படிச்சிட்டு மேசையில போட்டுடுவாரு. என்னெப் போவச் சொன்னது நாப்பது பேரு முன்னால. அவன வந்து அங்க சொல்லச் சொல்லு."

சிவசங்கரி


புனே
11.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமா சொன்னது நியாயம்தான். ஆனால் இந்த மாதம் ஆபீஸில் லீவு கிடைப்பது கஷ்டம். சாப்பாட்டு நேரத்தில் வீடியோ காலில் வந்து எல்லோரிடமும் பேசினால் சரியாக இருக்குமா? மாமாவிடம் கேட்டுச் சொல்.

தமிழ்மணி


விருத்தாசலம்
16.7.2024

தமிழ்மணிக்கு,

மாமாவிடம் கேட்கவில்லை. அவரை வீடியோவிலா வெளியே போகச் சொன்னார்கள்?

இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை. ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடிப்பார்கள்.

அக்கா


புனே
4.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த புளிசாதம் குண்டக்கல் வரை வந்தது. வீட்டில் இருந்த இரண்டு நாளில் உன்னிடம் சரியாகப் பேச முடியவில்லை. அன்று நீ ஆபீஸில் இருந்தாய். நடந்ததை மாமா உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

வாசலில் காவலுக்கு இருந்தவர் மாமாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பிறகு நிற்கலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். மெருகுத் தொட்டிக்குப் பக்கத்தில் ஆண்களும் பெண்களுமாகத் தரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுப்புராயனிடம் காலையிலேயே போனில் சொல்லியிருந்தேன். அவர் ஆபீஸ் ரூம் படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாமா தூரமாக ஒரு தூணருகே நின்றுகொண்டார்.

நான் எழுதி மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். "இந்தக் கம்ப்யூட்டர நான்தான் வெச்சிக் குடுத்தேன்" என்று ஆரம்பித்தேன். பிறகு ஹோம் ஃபோல்டர், புள்ளியில் தொடங்கும் ஃபைல், விட்டுப்போன பட்டியல் என்று போய்க்கொண்டே இருந்தேன். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. சிலர் திரும்பச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். புரியாமல் பேசிக்கொண்டிருப்பது எனக்கு வசதியாகக்கூட இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அப்போது சொர்ணாம்பாள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தார்.

"தம்பி, இதெல்லாம் எங்களுக்கு வெளங்காது. சாவி யாரால போச்சி?"

"என்னாலதாங்க."

"அன்பரசன் எதுனா பண்ணாரா?"

"ஒண்ணும் பண்ணலீங்க."

"அவுருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. எனக்கு மார்ச் மாசமே தெரியும். நான்தான் சொல்லல."

"அப்ப அத மட்டும் சொல்லு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

சொன்னேன். மூன்றே வாக்கியம்தான் இருந்தது. ஒருவரும் என்னைத் திட்டவில்லை. ஒரு வயசானவர் மட்டும், "நாலு மாசமா?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். அது என் காதில் விழுந்தது.

சுப்புராயன் படியிலிருந்து இறங்கி வந்து, "நான் அன்னைக்கு வெசாரிக்காம பேசிட்டேன் அன்பரசன். வேலைக்கு வாங்க" என்றார். எல்லோர் முன்னாலும்தான் சொன்னார். மாமா, "யோசிச்சி சொல்றேங்க" என்று மட்டும் சொன்னார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலை நிமிரவே இல்லை. திரும்பி வரும்போது எனக்குப் பத்தடி முன்னால் நடந்தார். வீட்டில் இரண்டு நாளும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. பேசியிருந்தால்தான் தாங்கியிருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மணவாளநல்லூரில் பிராதைத் திரும்ப வாங்கும்போது, காரணத்துக்கு 'ஆள் வந்துவிட்டார்' என்று எழுதினாய். 'வந்துவிட்டான்' என்று எழுதியிருக்கலாம் நீ.

இங்கே ஆபீஸிலும் என் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன். சர்வர் சாவிகள் இருக்கிற குழுவிலிருந்து என்னை எடுத்திருக்கிறார்கள். வேலை போகவில்லை.

கயலுக்கு என் அன்பு.

தமிழ்மணி


விருத்தாசலம்
1.9.2024

அன்புள்ள மாப்பிள்ளை தமிழ்மணிக்கு,

அன்பரசன் எழுதுவது. சுகம். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள். கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஆவணி பிறந்ததும் பத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டேன். எஸ்டேட் ரோட்டு வழியாகத்தான் போனேன். மூன்று சூளை இறக்கியாயிற்று, எல்லாம் நன்றாக வந்தது.

நீ வந்திருந்தபோது நான் பேசவில்லை. கோபத்தில் பேசாமல் இருக்கிறேன் என்று நீ நினைத்திருப்பாய். உன் அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். உன் பெயரைச் சொல்லாமல் நான் உன்னைக் காப்பாற்றினேன் என்று வேறு அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது அப்படி இல்லை.

நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கம்ப்யூட்டரை வைத்துவிட்டுப் போனாய். கம்பெனி அன்று லீவு. மறுநாள் முதலாளி பார்த்துவிட்டு, "யாரு வெச்சது?" என்றார். நானே படித்து வைத்தேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்று வரை தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. அடுத்த மாசம் சூப்பர்வைசர் இடம் காலியானது. பழமலைநாதன் அண்ணன் எனக்கு ஆறு வருஷம் மூத்தவர், அவருக்குத்தான் வர வேண்டும். கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் என்று எனக்குக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

மார்ச்சில் சாவியைக் கேட்டபோது உன் பெயர் என் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் இதுவும் சேர்ந்து வரும். நாற்பது பேர் முன்னால் பொய்யன் என்று நிற்பதைவிட, செய்யாத தப்புக்கு வெளியே போவது மேல் என்று அந்த நேரத்தில் தோன்றியது. அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். உனக்காக இல்லை.

அன்று நீ நின்று, கம்ப்யூட்டரை நான்தான் வைத்துக் கொடுத்தேன் என்று ஆரம்பித்தாயே, மற்றவர்களுக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. பழமலைநாதன் அண்ணன் மட்டும் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். உன்னை எல்லோர் முன்னாலும் வந்து சொல்லச் சொன்னது நான். நான் தூணோடு ஒதுங்கி நின்றேன். உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

வேலைக்குப் போன முதல் நாள் முதலாளியிடமும் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். பழமலைநாதன் அண்ணன், "தெரியும், உடு" என்றார். சூப்பர்வைசர் நாற்காலியில் இப்போது அவர் உட்கார்கிறார். நான் கேட்டுத்தான் அப்படிச் செய்தார்கள். நான் சூளையடியில் இருக்கிறேன். உன் அக்காவிடம், வேலை பழையபடிதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இதை நாளைக் காலை அவளிடம் கொடுத்துத்தான் தபாலில் சேர்க்கச் சொல்லப்போகிறேன். உறையை ஒட்டவில்லை.

இப்படிக்கு,
அன்பரசன்